மொரப்பூர் ரயிலை மேஜை மேல் ஓட்டலாம்

ரயில் பைத்தியம் பிடித்த பையன் எல்லா ஊரிலும் ஒருத்தன் இருப்பான். கொடுமுடியிலும் இருப்பான். காவிரியில் முழுகிவிட்டு வந்தவர்கள், மகுடேஸ்வரர் கோயிலில் ராகு கேது பரிகாரம் முடித்தவர்கள், கரூர் போகிறவர்கள், ஈரோடு போகிறவர்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில் பெட்டியில் இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் இன்ஜின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தக் கட்டுரை அவனுக்காக. அவளுக்காகவும்தான், பெண்களுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காது என்று யார் சொன்னது?

இந்தப் பைத்தியம் முற்றினால் ஒரு கட்டத்தில் "வீட்டிலேயே ஒரு ரயில் கட்டினால் என்ன?" என்று தோன்றும். சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் திருவிழாக் கடை ரயில் இல்லை. அளவு பார்த்து, தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, மரம் நட்டு, நிஜத்தில் இருப்பதை அப்படியே சுருக்கிக் கட்டுவது. மாடல் ரயில்வே என்பார்கள். ஐரோப்பாவில் தாத்தாக்கள் எல்லாம் இதில் மூழ்கிக் கிடக்கிறார்கள். நம் நாட்டிலும் ஆட்கள் உண்டு. புனேயில் ஜோஷி என்ற குடும்பம் கட்டிய மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது.

சரி, எந்த ரயிலைக் கட்டுவது? தப்பு நடப்பது இங்கேதான்.

நிறையப் பேர் வெளிநாட்டு டப்பா ஒன்றை வாங்குவார்கள். அதில் ஜெர்மன் இன்ஜின், பனி மூடிய கூரை, ஊசிக் கோபுரச் சர்ச் எல்லாம் இருக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பனியையே பார்க்காத ஈரோடு மாவட்டத்துப் பையன் தெர்மோகோலைத் துருவிப் பனி தூவுவது கொஞ்சம் பாவமாக இல்லையா?

அடுத்து எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஊட்டி ரயில். கொங்கு நாட்டுக்காரன் மேட்டுப்பாளையம் ரயிலைக் கட்டாமல் வேறு எதைக் கட்டுவான் என்பார்கள். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை, 2005-ல் யுனெஸ்கோ பட்டியல் வரை போன ரயில். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் பாதை அது. மாடல் இன்ஜினும் அந்த ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நிற்கும். நிஜத்தில் இருப்பது போலவே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, பல் சக்கரம் வைத்த இன்ஜின் வாங்க வேண்டும். அப்பா சம்பளம் போதாது. போகட்டும், அந்த ரயில் இன்றைக்கும் ஓடுகிறது. டிக்கெட் எடுத்தால் போய்ப் பார்த்துவிடலாம்.

"அப்படியென்றால் கொடுமுடி ஸ்டேஷனையே கட்டலாமே?" கட்டலாம். அதற்கு எல்லாத் தகுதியும் உண்டு. 1860-களில், கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி, கரூர் வழியாக ஈரோட்டுக்குப் போட்ட பாதை இது. முதலில் பிராட்கேஜாக இருந்து, மீட்டர்கேஜாகச் சுருங்கி, திரும்பவும் பிராட்கேஜ் ஆனது. இந்த ஊரில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சின்ன வயதில் ரயிலில் பாடிக்கொண்டு போனபோதுதான், ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எப்.ஜி. நடேச அய்யர் காதில் அந்தக் குரல் விழுந்தது என்று ஒரு கதையும் உண்டு. இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது இடம்! ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகத்தில் அதிகம் பேர் கட்டும் மாடல் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். 87-ல் 1 பங்கு. இன்றைய எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு இருபது பெட்டி, பெட்டிக்கு 22 மீட்டர் என்று வைத்தால் 440 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 5 மீட்டர் சொச்சம். ரயில் மட்டும்! அது நிற்க பிளாட்பாரம், திரும்ப வளைவு எல்லாம் சேர்த்தால் வீட்டுக்குள் வேலைக்காகாது, கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும். நான்கு பெட்டியோடு நிறுத்திக்கொண்டால் அது எக்ஸ்பிரஸ் மாதிரி இல்லை, ஷண்டிங்கில் மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அப்படியானால் சின்ன வீட்டுக்கு ஏற்ற, சின்னப் பாக்கெட்டுக்கு ஏற்ற ரயில் எது? நிஜத்திலேயே சின்னதாக இருந்த ரயில்தான்.

கொடுமுடியிலிருந்து ஈரோடு போய், அங்கிருந்து சேலம் வழியாகச் சென்னை போகும் மெயின் லைனில் போனால், சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் மொரப்பூர் என்று ஒரு ஸ்டேஷன் வரும். நம்மில் பாதிப்பேர் அதைத் தூக்கத்தில் கடந்திருப்போம். 1906 முதல் 1941 வரை அந்த ஸ்டேஷனில் இரண்டு ரயில்வே இருந்தன. ஒன்று இப்போதும் இருக்கிற பிராட்கேஜ். இன்னொன்று, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, இரண்டரை அடி மட்டுமே அகலமுள்ள ஒரு நேரோகேஜ். அது சுமார் 30 கிலோமீட்டர் ஓடித் தருமபுரி போய்ச் சேரும். 1913-ல் அங்கிருந்து ஓசூர் வரை நீட்டினார்கள். இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1905-ல், இதே அகலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னொன்று போட்டாயிற்று. அது சுமார் 41 கிலோமீட்டர். இரண்டும் இன்று இல்லை.

இப்படிப்பட்ட பாதைகளை ஆங்கிலத்தில் லைட் ரயில்வே என்பார்கள். லேசான தண்டவாளம், லேசான இன்ஜின், மலையைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போகும் வளைவு, அவசரமே இல்லாத வேகம். பெரிய ரயில் போட்டால் கட்டுப்படியாகாத கிராமப்புறத்துக்கு, "இதாவது இருக்கட்டும்" என்று போட்ட ரயில். வெளிநாட்டு மாடல் ரசிகர்கள் இந்த வகை என்றால் உயிரை விடுவார்கள். இங்கிலாந்தில் லீக் அண்ட் மேனிஃபோல்டு என்று ஒரு இரண்டரை அடிப் பாதை இருந்தது. 1904-ல் வந்தது, 1934-ல் மூடப்பட்டது, ஆயுள் முப்பதே வருஷம். ஆனால் அதைக் கட்டாத மாடல் கிளப் அங்கே அபூர்வம். அந்தப் பாதையைப் போட்ட எவரார்டு கால்த்ராப் என்ற இன்ஜினியர் அதற்கு முன் எங்கே கை பழகினார் தெரியுமா? மகாராஷ்டிராவில். 1897-ல் திறந்த பார்சி லைட் ரயில்வே அவர் போட்டதுதான். எந்த அச்சிலும் 5 டன்னுக்கு மேல் பாரம் விழக்கூடாது என்று கணக்குப் பண்ணி, லேசான தண்டவாளத்திலும் உருப்படியாகப் பாரம் இழுக்க முடியும் என்று காட்டினார். அங்கே பார்த்த வித்தையைத்தான் ஊருக்குக் கொண்டுபோனார். ஆக, வெள்ளைக்காரர்கள் ஆசையாசையாகச் சுருக்கிக் கட்டும் ரயிலுக்கு அக்கா ஒருத்தி இந்தியாவில் இருந்தாள். நாமோ அவர்களுடைய பனியைத் துருவிக்கொண்டிருக்கிறோம்.

மொரப்பூர் ரயிலைச் சுருக்குவதில் ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. இரண்டரை அடி என்றால் 762 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 8.76 வரும். ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். இந்த 9 மில்லிமீட்டர் தண்டவாளம் 'என்' கேஜ் என்ற பெயரில் (யாருடைய கேஜ் என்று கேட்காதீர்கள், ஆங்கில எழுத்து என்!) உலகம் முழுக்க விற்கிறது. அதில் ஓடும் சின்ன மோட்டார் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் தலையில் எச்.ஓ. அளவில் நாமே செய்த இன்ஜின் உடம்பைக் கவிழ்த்தால் தீர்ந்தது வேலை. வெளிநாட்டில் பல வருஷமாக இப்படித்தான் செய்கிறார்கள். வளைவையும் ஒன்பது அங்குல ஆரத்தில் திருப்பிவிடலாம். இன்ஜினும் நான்கு வண்டியும் சேர்ந்தாலும் அரை மீட்டர்தான். நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை போதும். பரீட்சை வந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். (பரீட்சைக்கு முன்தினம் வெளியே இழுக்காமல் இருப்பது அவரவர் பொறுப்பு.)

உடம்பு செய்வதற்கு அட்டை, பித்தளைத் தகடு எது வேண்டுமானாலும் ஆகும். இந்த விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரன் வாய் திறந்து குறை சொல்லக்கூடாது. லேத் பட்டறை, பவுண்டரி, மோட்டார் கம்பெனி என்று கோயம்புத்தூர்ப் பக்கம் சந்துக்குச் சந்து இருக்கிறது. ஒரு புகைபோக்கியைக் கடைந்து கொடுக்கச் சொன்னால், டீ குடிக்கிற நேரத்தில் கடைந்து கொடுக்கிற ஆட்கள் உள்ள ஊர். இப்போது முப்பரிமாண அச்சு வேறு வந்துவிட்டது.

மண், மரம், வயல் எல்லாம் எப்படிச் செய்வது என்று வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்டவே வேண்டாம். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் 'பார்க்' கட்டிய வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். நாலு நாள் முன்னால் கேழ்வரகு தூவி முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடியை மண்ணில் புதைத்துக் குளம், செங்கல் பொடியில் பாதை, ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரம்! அந்தப் பார்க்கைச் சுற்றிப் பல வீடுகளில் ஒரு பொம்மை ரயிலும் ஓடியிருக்கும். தமிழ்நாட்டில் மாடல் ரயில்வே இல்லை என்று சொல்கிறவர்கள் கொலுவைப் பார்க்காதவர்கள்.

இனி, பலகையில் எதைக் கட்டுவது? முழுப் பாதையையும் கட்ட முடியாது. 30 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் 345 மீட்டர், ஒரு தெருவே வேண்டும். எனவே ஒரு ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தருமபுரியை எடுக்கலாம், நடுவழியில் புளியமரத்தடி ஸ்டேஷன் ஒன்றை எடுக்கலாம். ஆனால் எடுக்க வேண்டியது மொரப்பூர்தான்.

ஏனென்றால் இரண்டு அகலமும் சந்தித்த இடம் அது. சின்ன ரயிலின் வண்டி பெரிய தண்டவாளத்தில் ஏறாது. தருமபுரியிலிருந்து வந்த சரக்கு மூட்டை ஒவ்வொன்றையும் இந்த வண்டியிலிருந்து இறக்கி அந்த வண்டியில் ஏற்றியாக வேண்டும். திரும்பும்போது மறுபடி அதே கதை. இரண்டு மூட்டை தூக்குகிறவர் முதுகில் நின்றது அந்த ரயில்வே. குறைந்த செலவில் பாதை போட்ட அரசாங்கம் மிச்சம் பிடித்த காசை, பாதை இருந்த காலம் முழுக்க இப்படிக் கூலியாகவும் நேரமாகவும் யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். லைட் ரயில்வே என்றால் என்ன என்பதைப் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதைவிட, உயரமான வண்டி ஒன்றும் குட்டை வண்டி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நடுவில் ஆறு ஆட்கள் மூட்டையோடு குனிந்து நடப்பதைக் காட்டினால் யாருக்கும் புரிந்துவிடும்.

இதிலும் ஒரு சௌகரியம். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். எச்.ஓ. அளவில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அப்படி ஒரு தண்டவாளம் கடையில் கிடைக்காது. கடையில் இருப்பது 16.5, அது ஐரோப்பிய அகலத்துக்கானது. இந்திய ரயில் மாடல் என்று விற்பவையும் பெரும்பாலும் அந்த 16.5-ல்தான் ஓடுகின்றன. பார்க்கிற கண்ணுக்கு நம் ரயில் ஏதோ பட்டினி கிடந்த மாதிரி தெரியும். மொரப்பூரைக் கட்டுகிறவனுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பெரிய ரயில் அவன் பலகையில் ஓட வேண்டியதில்லை, ஓரத்தில் நின்றால் போதும். ஓடாத தண்டவாளம் என்பதால் ஒன்றரை அடி நீளத்துக்கு மரச்சட்டம் ஒட்டி, தண்டவாளத்தைச் சரியான அகலத்தில் கையாலேயே ஒட்டிவிடலாம். நம் நாட்டு மாடல்களில் காணக்கிடைக்காத சரியான பிராட்கேஜ், ஓடாமல் நின்றாவது, அந்தப் பலகையில் இருக்கும். அதன் பக்கத்தில் 9 மில்லிமீட்டரைப் பார்க்கும்போதுதான் இந்த ரயில் எவ்வளவு சின்னது என்பது உறைக்கும்.

ஓட்டும்போது மெதுவாக ஓட்ட வேண்டும், தயவுசெய்து. பொம்மை ரயில் வினாடிக்கு அரை மீட்டர் ஓடினால் நிஜக் கணக்கில் மணிக்கு 157 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 8 சென்டிமீட்டர்தான். நான்கடிப் பலகையைக் கடக்கப் பதினைந்து வினாடி ஆகும். பார்க்கிறவர்கள் "என்னப்பா நகரவே மாட்டேங்குது" என்பார்கள். சொல்லட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சௌகரியம். இனிமேல்தான் சங்கடம்.

இந்த மாதிரி ரயிலைக் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். அழகாக மட்டும் கட்டுவது. வேலியில் பூ, ஸ்டேஷன் மாஸ்டர் மடியில் பூனை, வெயிலில் மினுக்கும் இன்ஜின். பழைய காலம் எவ்வளவு நிம்மதி என்று பெருமூச்சு விட வைக்கும் படம். இங்கிலாந்தில் ஜான் ஆஹர்ன் 1930-களில் தொடங்கிக் கட்டிய 'மேடர் வேலி' என்ற கற்பனைக் கிராம ரயில் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி. பெண்டன் மியூசியத்தில் இன்றும் இருக்கிறது. அவருக்கு அது சரி, ஊரே கற்பனை. மொரப்பூர் கற்பனை இல்லை. அந்த ரயில் ஏன் வந்தது என்று தெரிந்தவன் வேலியில் பூ மட்டும் வைத்து நிறுத்த முடியாது.

அது பஞ்சத்துக்குப் போட்ட ரயில். 1876 முதல் 1878 வரை, நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன அந்தப் பஞ்சத்தில், தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். அன்றைய சேலம் மாவட்டத்துக்கு விழுந்த அடி பெரிய அடி. தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். பிறகு ஒரு கமிஷன் உட்கார்ந்து, 1880-ல் அறிக்கை கொடுத்து, வறண்ட பகுதிகளுக்குத் தானியம் கொண்டுபோக ரயில் பாதை போட வேண்டும் என்றது. அந்த யோசனையின் வழியில், கால் நூற்றாண்டு கழித்து, இந்த இரண்டு பாதைகளும் வந்தன. செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்!

அப்படியும் ரயிலைச் சாமியாக்கிவிட முடியாது. பஞ்ச காலத்தில் ரயில் இருந்த ஊர்களிலும் மக்கள் செத்தார்கள். ரயிலில் தானியம் வந்தது, வாங்கக் கையில் காசு இல்லை. பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே கப்பலில் தானியம் வெளியே போனது. ஆக, மொரப்பூர் பிளாட்பாரத்தில் அடுக்கிய மூட்டைகள் எந்தத் திசையில் போகின்றன என்பதே ஒரு பெரிய கேள்வி. மாடல் கட்டுகிறவன் அதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். புளியும் எண்ணெய் வித்தும் வெளியே, அரிசி உள்ளே என்று வைப்பானா? வேறு மாதிரி வைப்பானா? எப்படி வைத்தாலும் யோசித்து வைக்கட்டும். பசை காய்ந்த பிறகு மாற்ற முடியாது.

முடிவும் அப்படித்தான். நிறையப் பேர் ரயிலின் நல்ல காலத்தைக் கட்டுவார்கள். மொரப்பூருக்கு 1940-ஐக் கட்ட வேண்டும். பலகையில் தண்டவாளத்துக்கு இணையாக ஒரு ரோடு. ரோட்டில் ஒரு பஸ், ஆட்கள் பிதுங்கிக்கொண்டு. தண்டவாளத்தில் ரயில், பாதி காலியாக. அந்தக் காலத்துச் சின்ன ரயில்களின் கதை முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் வந்துவிடும். பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கியது. ரயில் மொரப்பூரில் இறக்கி மூட்டையை மாற்றச் சொன்னது. (ஒரு எச்சரிக்கை: கரி அடுப்பைப் பின்னால் கட்டிய பஸ்ஸை வைத்துவிடாதீர்கள். பெட்ரோலுக்கு ரேஷன் வந்த பிறகுதான் அது பெருகியது. 1940-க்குக் கொஞ்சம் சீக்கிரம்.)

அடுத்த வருஷம், 1941-ல், ஒரு பக்கம் நஷ்டக் கணக்கு, இன்னொரு பக்கம் உலக யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்ற அவசரம், இரண்டும் சேர்ந்து பாதையை மூடிவிட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதைக்கும் அதே வருஷம் அதே கதி. யுத்தத்தில் பெயர்த்த பாதைகள் வேறு உண்டு. மதுரை–போடி பாதையையும் எடுத்தார்கள். ஆனால் 1950-களில் திரும்பப் போட்டார்கள், பிறகு பிராட்கேஜாக்கி 2023-ல் மறுபடி போடி வரை ரயில் விட்டார்கள். மொரப்பூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தருமபுரிக்காவது பிற்பாடு சேலம்–பெங்களூரு பாதை வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகவே ஆகிவிட்டது, ஊருக்குள் இன்றும் ரயில் இல்லை. மொரப்பூர்–தருமபுரிக்குப் புதிதாகப் பிராட்கேஜ் போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பின் நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. 1906-ல் சின்ன ரயில் ஓடிய தூரம் இது!

இதைச் சொன்னால் "அப்புறம் எதற்கு மாடல்? நிஜப் பாதைக்குப் போராடலாமே" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போராடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் "அறுபது எழுபது வருஷக் கோரிக்கை" என்று பேப்பரில் ஒரு வரி படிப்பதற்கும், "இதோ பார், இப்படி ஒன்று இருந்தது, இப்படி ஓடியது, இப்படிப் போனது" என்று ஒரு பலகையைக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் அந்தப் பலகையை வைத்து, பதினைந்து வினாடி ரயிலை ஓட்டிவிட்டு, பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே தண்டவாளத்தைக் கழற்றிக் காட்டலாம். (கழற்றுகிற மாதிரி கட்ட வேண்டும் என்பது இன்னொரு யோசனை. ஒட்டாமல் ஆணியில் நிறுத்தினால் முடியும்.)

"கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒரே பதில்: அதில் மூட்டை தூக்குகிறவர்களைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தெரிவது தண்டவாளம் மட்டும்தான்.

மொரப்பூர் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. தெற்கே திருச்செந்தூர்–குலசேகரன்பட்டினம்–திசையன்விளைப் பக்கம் பாரி கம்பெனி போட்ட லைட் ரயில்வே. அகலம் இரண்டே அடி. பனைச் சரக்கைச் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோக வந்தது, ஊர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டு 1940 வரை ஓடியது. கொடுமுடிக்கு அடுத்த புகளூரில் பாரி சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பனைக்குப் போட்ட ரயில் போய், அதே குலசேகரன்பட்டினத்தில் 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஒரே பலகையில் இரண்டையும் வைக்கிற குறும்புக்காரன் யாராவது வந்தால் அதையும் பார்க்கலாம் :-)

ஆனால் கொங்குப் பையனுக்கு மொரப்பூர்தான் கிட்டே. அவசரமும் இருக்கிறது. ஸ்டேஷன் கூரை எப்படி இருந்தது, டிக்கெட் கொடுத்த ஜன்னல் எந்தப் பக்கம், பெட்டிக்கு என்ன நிறம், விசில் எப்படிக் கூவும், இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். 1941-ல் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். அம்மாச்சி, அப்பாரு என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் சொல்வார்கள். ஒருவர் பச்சை என்பார், இன்னொருவர் கறுப்பு என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பிளைவுட் அடுத்த மாதம் வாங்கலாம், பசை அடுத்த வருஷம்கூடக் கிடைக்கும்.

கொடுமுடியிலிருந்து போகிறவர்கள் ஈரோட்டில் மாற வேண்டும். மொரப்பூரில் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. டைம் பார்த்துக்கொண்டு, ஒரு நோட்டும் ஒரு டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பவும்.